விடுமுறையும் வீட்டுப் பண்டமும்
(தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளி விடுமுறை என்றதும் பிள்ளைகள் குதூகலிப்பர். பெற்றோரோ கணக்குப் போடத் தொடங்குவர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை என்னும் நிலையில் வாழ்கிறோம். அவ்வாறிருந்தும், பட்டணத்துப் பேரங்காடிக்கு அழைத்துச் சென்று பொரித்த கோழி வாங்கித் தந்தால்தான் பிள்ளை மகிழும் என்றெண்ணி, கடன்பட்டேனும் அதனைச் செய்வோர் நம்மிடையே உண்டு. அக்கடனை அடைக்கும் மாதத்தில்தான் பள்ளிக் காலணியும் கிழிந்து நிற்கும்.

ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளை, வாங்கித் தந்த பண்டத்தை மறுநாளே மறந்துவிடும். தன் கையால் செய்ததையோ பல நாள் சொல்லிக்கொண்டிருக்கும்.

கால் கிலோ கொண்டைக்கடலையை இரவில் ஊறவையுங்கள். காலையில் அது இரு மடங்காகப் பெருகியிருப்பதைப் பிள்ளையே திறந்து பார்க்கட்டும். நன்கு வேகவைத்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ப்பூ தூவினால் எட்டுப் பிள்ளைகளுக்குப் போதும். ஆறாம் ஆண்டுப் பிள்ளை தேங்காய் துருவலாம். முதலாம் ஆண்டுப் பிள்ளை, கச்சாங் பூத்தே விற்பவரைப் போல, வெள்ளைத்தாளைக் கூம்பாகச் சுருட்டலாம். இவ்வேலையில் ஆண், பெண் என்ற பாகுபாடு வேண்டாம். கொல்லையிலே மரவள்ளிக்கிழங்கு இருப்பின், தோலை உரித்து, நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துக் கொடுக்கலாம். அரைவேக்காட்டுக் கிழங்கில் நஞ்சு தங்கும்.

இனி விளையாட்டு. ரப்பர்க் காய் முற்றி வெடித்து, கொட்டைகள் சிதறும் பருவத்தில் நம் மரங்களே விளையாட்டுப் பொருள் வழங்குகின்றன. இரு வரிசையாக ஏழேழு குழி தோண்டி, குழிக்கு ஐந்து கொட்டை இட்டால் பல்லாங்குழி தயார். பதினான்கு குழிக்கு மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். எழுபது என்று பிள்ளை சொல்லுமாயின், வாய்ப்பாட்டிற்கு வேறு வகுப்பு எதற்கு? நம் மலாய் அண்டை வீட்டாரின் சொங்காக் ஆட்டமும் இதற்கு உறவுதான். அதில் குழிக்கு ஏழு இடுவர். அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து, இரண்டையும் ஆடச் செய்யுங்கள். ஆனால் ரப்பர்க் கொட்டையின் பருப்பு நச்சுத்தன்மை உடையது. வாயில் வைக்கலாகாது என்பதைச் சிறுபிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தை தவழும் இடத்தில் கொட்டைகளைக் கிடக்கவிடவும் கூடாது.

முற்றிய ரப்பர் இலைகளை நீரிலே சில வாரங்கள் ஊறவிட்டால் சதை அழுகிவிடும். பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவினால், சிலந்தி வலை போன்ற நரம்பு மட்டும் நிற்கும். சங்குப்பூச் சாற்றிலோ மஞ்சள் நீரிலோ தோய்த்து உலர்த்தினால் அழகிய புத்தக அடையாளம். வாளியை மட்டும் இறுக மூடிவையுங்கள். ஏடிஸ் கொசு பெருக ஒரு வாரமே போதும். விளையாடிய சிரட்டைகளையும் கவிழ்த்து வையுங்கள். களைக்கொல்லி வந்த கலங்களை எதற்காகவும் பிள்ளைகள் கையில் தரலாகாது. எத்தனை முறை கழுவினாலும் சரியே.

இன்னொன்று. ‘நல்ல புள்ளி எடுத்தால்தான் பண்டம்’ என்று பேரம் பேசுகிறோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் கைவிடப்பட்டுவிட்டது. பெற்றோரின் பேரம் மட்டும் இன்னும் கைவிடப்படவில்லை! சுண்டலுக்கு எதற்குத் தேர்வு? புள்ளி குறைந்து முகம் வாடி வரும் பிள்ளைக்கே அன்று அது கூடுதலாகத் தேவைப்படும்.

விடுமுறையின் முதல் ஞாயிறன்று கடலை ஊறவைக்கும் வீடு எது என்பதை, இக்கூட்டம் கலையுமுன் லயத்துக்கு லயம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அடுத்த வீடு.