ஏட்டுக்கட்டின் முடிச்சு



நமது கண்ணிலுள்ள கலமும் ஈரலிலுள்ள கலமும் ஒரே பரம்பரைச் செய்தியையே தாங்கி நிற்கின்றன. அவ்வாறாயின், ஒன்று ஒளியை உணரவும் மற்றொன்று பித்தத்தைச் சுரக்கவும் காரணம் யாது? அதற்குரிய விடையின் ஒரு பகுதியை இன்று கூற விழைகின்றேன்.

பரம்பரைச் செய்தியை எழுதி வைத்திருக்கும் டீ.என்.ஏ. இழை, மனிதக் கலமொன்றில் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமுடையது. கலத்தின் கருவோ ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்களவே. அதனுள் அடங்கும் பொருட்டு அவ்விழை இசுத்தோன் என்னும் புரதங்களிற் சுற்றப்பட்டுள்ளது. கயிற்றால் இறுகக் கட்டிய ஏட்டுச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டைத் தளர்த்தினாலன்றி அதனைப் படியெடுத்தல் இயலாது. கலமும் தனக்கு வேண்டிய பரம்பரையலகை ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுத்த பின்னரே புரதத்தை ஆக்குகின்றது.

கட்டுத் தளர்வது எங்ஙனம்? இசுத்தோனில் இலைசீன் என்னும் அமினோ அமிலம் மிகுதி. அது நேரேற்றமுடையது, டீ.என்.ஏ. மறையேற்றமுடையது. ஆதலின் இரண்டும் இறுகப் பற்றுகின்றன. இலைசீனில் அசற்றைல் கூட்டம் சேர்ந்தால் நேரேற்றம் நீங்கிப் பிடி தளர்கின்றது. அவ்வடையாளத்தை இனங்கண்டு, படியெடுத்தலுக்குத் துணைபுரியும் புரதங்களும் வந்து சேர்கின்றன. அக்கூட்டம் அகற்றப்பட்டால் கட்டு மீண்டும் இறுகும்.

நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த வின்சென்ற் ஆல்பிறி, கன்றின் தைமசுச் சுரப்பிக் கலங்களை ஆராய்ந்து, 1964ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை வெளியிட்டார். ஆயினும், அசற்றைல் கூட்டத்தைச் சேர்க்கும் நொதியம் படியெடுத்தலோடு தொடர்புடையதென 1996இல் டேவிட் அலிஸ் குழுவினர் காட்டிய பின்னரே அது உறுதிபெற்றது. அவர்கள் நன்னீரில் வாழும் ஒருகல உயிரிலிருந்து பிரித்தெடுத்த நொதியம், படியெடுத்தலைத் தூண்டுவதென மதுவத்தில் முன்னரே அறியப்பட்டிருந்த புரதத்தை ஒத்திருந்தது. அசற்றைல் கூட்டத்தை அகற்றும் நொதியமும் அவ்வாண்டிலேயே இனங்காணப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த கருத்து அது.

இதனால் நமக்கு யாது பயன்? எழுத்தை மாற்றுதல் அரிது. முடிச்சையோ அவிழ்க்கவும் கட்டவும் இயலும். அகற்றும் நொதியத்தைத் தடுக்கும் வொரினோஸ்ராற் என்னும் மருந்து, தோலிற் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கென 2006இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

ஆனால், வேண்டாத வேளையில் முடிச்சு அவிழ்வதும் ஆபத்தே. வலிப்பு நோய்க்கு வழங்கப்படும் வல்புரோயேற்று என்னும் மருந்து இதே நொதியத்தைத் தடுப்பதென 2001இல் அறியப்பட்டது. கருவுற்ற தாய் அதனை உட்கொள்ளின் சிசுவுக்கு ஊனம் நேரக்கூடும்; அதற்கு இத்தடையும் ஒரு காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர். எனினும், அம்மருந்தைத் தாமாகவே திடீரென நிறுத்துதலும் தீங்காகும். ஆதலின், அதனை உட்கொள்ளும் பெண்கள் கருவுறுவதற்கு முன்னரே வைத்தியரிடம் ஆலோசனை பெறுதல் இன்றியமையாதது.

கண்ணுக்குப் புலப்படாத ஒரு முடிச்சிலே பிறவாத குழந்தையின் நலமும் தங்கியிருக்கின்றது. இதனை நம் இல்லங்களில் உள்ளோர் அறிந்திருத்தல் நன்று.