பசித்தோரை நாடிச் சென்ற படகுகள்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீளத்தால் 25 கல். அகலத்தால் எங்கும் 8 கல்லுக்கு மிகாத கடலோரத் துண்டு நிலம் காசா. அதனுள் 20 நூறாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். 2007 முதல் இசுரேல் அந்நிலத்தை வளைத்து அடைத்தது. தென்னெல்லையில் எகிப்தும் கதவை இறுக்கியது. 2009 சனவரியில் கடல் முற்றுகை முறைப்படி அறிவிக்கப்பெற்றது.

அம்முற்றுகையை உடைக்கச் சென்றவர்கள் படைஞர் அல்லர். மருத்துவர், ஆசிரியர், கப்பலோட்டிகள், அகவை முதிர்ந்த பெண்டிர்! 2008 ஆகசுத்து 23ஆம் நாள் சைப்பிரசிலிருந்து இரண்டு சிறு படகுகளில் 44 பேர் காசாக் கரையை அடைந்தனர். அவர்கள் கொண்டுசென்றவற்றுள் செவிப்புலனற்ற குழந்தைகளுக்கான கேட்புக் கருவிகளும் இருந்தன. எண்ணிப் பாருங்கள்! குழந்தைகளின் செவிக்குக் கருவி கிடைத்தது. உலக அரசுகளின் செவிக்கு எவர் கருவி தருவது?

2010 மே 31ஆம் நாள் நடந்ததை உலகம் மறவாது. ஆறு கப்பல்களில் ஏறத்தாழ 700 பேர் சென்றனர். பன்னாட்டுக் கடற்பரப்பிலேயே இசுரேல் படைஞர் அவற்றின்மேல் இறங்கினர். மாவி மருமரா என்னும் துருக்கிக் கப்பலில் ஒன்பதின்மர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; நினைவு திரும்பாது கிடந்த பத்தாமவர் 2014இல் உயிர்நீத்தார். 2013இல் இசுரேல் தலைமையமைச்சர் துருக்கியிடம் வருத்தந் தெரிவித்தார். 2016இல் இழப்பீட்டுக்கும் உடன்பாடு கண்டனர். பணம் கைமாறியது, முற்றுகையோ மாறவில்லை!

அதனால் அஞ்சி ஓய்ந்தனரா? இல்லை. 2025 சூனில் மாட்லீன் என்னும் பாய்மரக் கலத்தில் பன்னிருவர் குழந்தைப்பாலும் அரிசியும் ஏற்றிச் சென்றனர். காசாவின் மீனவப் பெண்ணொருத்தியின் பெயர் அது. அவ்வாண்டு ஆகசுத்து இறுதியில் பார்சிலோனாவிலிருந்து ஒரு படகு அணியே புறப்பட்டது. அதன் பெயரில் உள்ள ‘சுமூத்’ என்னும் அரபுச் சொல்லுக்கு அசையா உறுதி என்பது பொருள். அக்குதோபர் தொடக்கத்தில் 40க்கும் மேற்பட்ட அப்படகுகள் மறிக்கப்பட்டன. 400க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அதனைக் கண்டித்து இத்தாலியத் தொழிலாளர் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தனர்.

‘படைக்கலம் புகாமல் தடுக்கவே முற்றுகை’ என்பது இசுரேலின் கூற்று. 2011இல் ஒன்றிய நாடுகள் அவைச் செயலர் அமர்த்திய குழு, கடல் முற்றுகை சட்டத்துக்கு உட்பட்டதே என்றது. ஆயினும் கப்பலில் கையாண்ட வன்முறை அளவு கடந்தது என்றும் கூறியது. அதற்கு முந்தைய ஆண்டே மாந்தவுரிமை மன்றத்தின் உசாவற் குழு, முற்றுகையே சட்டத்துக்குப் புறம்பானது என்றிருந்தது. வல்லுநர் மாறுபடலாம். ஆனால், மக்களைப் பட்டினி போடுதலையே நோக்கமாகக் கொண்ட முற்றுகை கூடாது என்பது 1994இல் வகுத்த சான் ரெமோ கடற்போர் விதித்தொகுப்பிலேயே உண்டு. 2025 ஆகசுத்து 22இல் காசா நகர்ப் பகுதியில் கடும்பஞ்சம் நிலவுவது வரையறைப்படி உறுதி செய்யப்பெற்றது. பால்மாவில் எந்தப் படைக்கலம் ஒளிந்திருந்தது?

‘ஒரு படகுச் சோறு ஒரு தெருவுக்குக் காணுமா? இது வெறும் தற்படப் படகு’ என எள்ளியோரும் உளர். சோற்றை மட்டும் நிறுத்துப் பார்த்தால் அவர்கள் கணக்குச் சரியே. ஆனால் அப்படகுகள் சோற்றோடு ஒரு வினாவையும் ஏற்றிச் சென்றன: ‘எளிய மாந்தர் இத்தொலைவு வர முடியுமாயின், கப்பற்படை கொண்ட அரசுகளால் ஏன் முடியவில்லை?’ படகை மறிக்கலாம். வினாவை மறிக்க இயலாது.

இவ்வினா நமக்குப் புதியதன்று. 2009இல் ஐரோப்பாவாழ் ஈழத்தமிழர் உணவும் மருந்தும் திரட்டி, ‘வணங்காமண்’ எனப் பெயரிட்டு வன்னிக்குக் கப்பல் விடுத்தனர். அது கடலில் இருக்கும்போதே மே 18இல் போர் முடிந்தது. சூன் 4இல் சிங்களக் கடற்படை அதனை மறித்துப் பின்னர்த் திருப்பியது. பசித்தவன் ஒரு கரையில், பண்டம் மறுகரையில்! அந்நோவை அறிந்த நாம், பிறர் நோவைக் கண்டு வாய்மூடி இருத்தல் தகுமா?

இனத்தால், மொழியால், சமயத்தால் தொடர்பற்றவர்க்காக உயிரைப் பொருட்படுத்தாது கடலேறியவர்களே மாந்தர். அவர்கள் துணிவில் ஒரு துளியேனும் நம் நெஞ்சில் ஊறட்டும் என்று கூறி அமைகின்றேன்.