இடித்துரைக்க வந்த வேட்பாளர்கள்



நாடு போரில் இருக்கும்போது ஆளுங்கட்சிக்குள்ளேயே ஒருவர் எழுந்து, இந்தத் தலைவரை விடுத்து என்னை வேட்பாளராக நிறுத்துங்கள் என்று கேட்பது துரோகமா, தொண்டா? தொண்டு என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அரசனுக்கு இடித்துரைப்பார் வேண்டும் என்று வள்ளுவர் சொன்னது, அவனுக்குத் துணையாக நிற்கும் பெரியாரை எண்ணி. பகைவன் சொல்லும் குறையை மன்னன் எளிதில் உதறிவிடுவான். தன் பக்கத்தவர் சொல்வதை உதற முடியாது. மக்களாட்சியில், அதுவும் போர்க்காலத்தில், அந்த இடித்துரைக்கு வலுத் தருவது கட்சியின் வேட்பாளர் தேர்வுதான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அங்கே விழும் வாக்கு, வேட்பாளரை முடிவு செய்வோரின் அறைவரைக்கும் போய்ச் சேர வேண்டும். 1968இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியில் நடந்த போட்டியில் அந்த வலுவையும் பார்க்கலாம், அந்த நிபந்தனை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கலாம்.

கேள்வி கேட்கத்தான் எதிர்க்கட்சி இருக்கிறதே என்று தோன்றலாம். வியட்நாம் விஷயத்தில் அது கேட்கவில்லை. போர் நடத்தும் அதிகாரத்தை ஏறக்குறைய முழுதாக அதிபர் லிண்டன் ஜான்சன் கையில் ஒப்படைத்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம், 1964 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 416 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. செனட்டில் 88 பேர் ஆதரித்தார்கள், இருவர் எதிர்த்தார்கள். ஆரிகனின் வேய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங் என்ற அந்த இருவருமே ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். 1966 பிப்ரவரியில் போர் குறித்து செனட் வெளியுறவுக் குழுவில் வெளிப்படையான விசாரணை நடத்திய வில்லியம் ஃபுல்பிரைட்டும் அதே கட்சிதான். குடியரசுக் கட்சியின் பெருந்தலைகளில் பலர் போரை இன்னும் கடுமையாக நடத்தச் சொன்னார்கள். சரி, கட்சிக்காரர்கள் தங்கள் ஐயத்தை மூடிய அறைக்குள் சொல்லியிருக்கலாமே என்றால், அதையும் ஒருவர் செய்து பார்த்தார். துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, போரை விரிவாக்க வேண்டாம் என்று 1965 பிப்ரவரியில் ஜான்சனுக்கு நீண்ட குறிப்பு எழுதினார். அதன் பலனாக, வியட்நாம் பற்றிய ஆலோசனைக் கூட்டங்களுக்கு வெளியே பல மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டார். பிறகு போரை மேடையேறிப் போற்றி இழந்த இடத்தைத் திரும்பப் பெற்றார். தனிமையில் சொன்ன நல்லுரை எதையும் மாற்றவில்லை, சொன்னவரைத்தான் மாற்றியது.

இந்த நிலையில்தான் ஜான்சனுக்கு மாற்று வேட்பாளர் தேடிப் போர் எதிர்ப்புச் செயற்பாட்டாளர் ஆலார்ட் லோவன்ஸ்டீன் ஊர் ஊராக அலைந்தார். முதலில், மறைந்த அதிபர் கென்னடியின் தம்பியான செனட்டர் ராபர்ட் கென்னடியைக் கேட்டார்; அவர் தயங்கி மறுத்தார். செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்னும் மறுத்தார். கடைசியில் முன்வந்தவர் மினசோட்டா செனட்டர் யூஜீன் மெக்கார்த்தி. கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன ஜோசஃப் மெக்கார்த்தி வேறு, இவர் வேறு. 1967 நவம்பர் 30 அன்று இவர் போட்டியை அறிவித்தபோது பொருட்படுத்தியவர்கள் சிலரே. 1968 ஜனவரி இறுதியில் தென் வியட்நாமெங்கும் கம்யூனிஸ்ட் படைகளின் டெட் தாக்குதல் வெடித்தது. வெற்றி நெருங்கிவிட்டது என்று அரசு சொல்லிவந்ததற்கும் தொலைக்காட்சியில் மக்கள் கண்டதற்கும் பொருத்தமே இல்லை. மார்ச் 12 அன்று, கட்சி வேட்பாளர் தேர்வுக்காக வாக்காளர்கள் வாக்களிக்கும் நியூ ஹாம்ப்ஷயர் முதனிலைத் தேர்தலில் மெக்கார்த்தி சுமார் 42 விழுக்காடு வாக்குப் பெற்றார். பெயர் அச்சிடப்படாமல், ஆதரவாளர்கள் கையால் எழுதிப்போட்ட வாக்குகளால் ஜான்சன் பெற்றது 49க்குச் சற்று மேல். ஆனாலும் கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பேராளர்களில் அம்மாநிலத்துக்குரிய 24 பேரில் 20 பேர் மெக்கார்த்தி பக்கம் போனார்கள். நான்கு நாளில் கென்னடி களமிறங்கினார். மார்ச் 31 இரவு, வட வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துவதாக அறிவித்த ஜான்சன், தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்றும் சொன்னார். மே மாதம் பாரிஸில் பேச்சுவார்த்தை தொடங்கியது. இந்தத் திருப்பத்துக்கு முதனிலைத் தேர்தல் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பாதுகாப்புச் செயலர் கிளார்க் கிளிஃபர்டின் மனமாற்றத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் மூன்றாண்டுக் காலம் எந்தக் குறிப்புக்கும் அசையாத ஒருவர், வாக்கு எண்ணிய மூன்று வாரத்துக்குள் அசைந்தார்.

என் வாதத்துக்கு எதிரான மிகக் கூர்மையான சான்று நியூ ஹாம்ப்ஷயரிலேயே இருக்கிறது. அங்கே மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களைப் பின்னர் ஆராய்ந்த அரசியல் அறிஞர்கள், ஜான்சன் போரைப் போதிய கடுமையுடன் நடத்தவில்லை என்று குறைபட்டவர்களே அவர்களில் அதிகம் என்று கண்டார்கள். போரைக் கைவிடச் சொன்னவர்களைவிட அவர்கள் ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் மிகுந்திருந்தார்கள். அப்படியானால் அது போர் எதிர்ப்பு வாக்கு என்பதே மாயை அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வாக்கைச் சமாதானத்துக்கான கட்டளை என்று கொண்டாடியவர்கள் பிழை செய்தார்கள். ஆனால் முதனிலைத் தேர்தல் கொள்கைக் கருத்துக்கணிப்பு அல்ல. உன் கணக்கை நாங்கள் நம்பவில்லை என்று ஆள்பவருக்கு அவர் கட்சியினரே சொல்லும் இடம் அது. போரைத் தீவிரமாக்கு என்பவரும் நிறுத்து என்பவரும் அந்த ஒரு சொல்லில் ஒன்றுபட முடியும். அதற்குப் பின் என்ன செய்வது என்பதை வேட்பாளர்கள் ஒருவரோடொருவர் மோதித்தான் தெளிய வேண்டும். அந்த மோதல் நடந்தது. போரின் தொடக்க முடிவுகளில் தமக்கும் பங்குண்டு என்று கென்னடி மேடையிலேயே ஒப்புக்கொண்டார். ஒமாஹாவின் கிரெய்ட்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம், உங்களுக்குப் படைச்சேர்ப்பிலிருந்து விலக்கு இருக்கிறதே, உங்களுக்குப் பதில் போவது யார் என்று கேட்டார். மெக்கார்த்தி இன்னும் ஆழத்துக்குப் போனார். வியட்நாம் ஒரு தனித் தவறன்று, உலகெங்கும் தலையிடும் கொள்கையின் விளைவு என்றார், அந்தக் கொள்கையில் கென்னடிக்கும் பங்கு உண்டு என்றார். ஒரே பக்கத்தில் நின்ற இருவர் ஏன் சண்டையிட்டார்கள் என்று பலர் வருந்துவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. எதிரெதிரே நிறுத்தப்படாமல் இருவரும் அவ்வளவு தூரம் பேசியிருக்கமாட்டார்கள்.

உட்பூசல் பகைவனுக்கு ஊக்கம் தரும் என்பது அடுத்த மறுப்பு. இதற்கு 1864 பதில் சொல்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது லிங்கனின் நிதிச் செயலர் சால்மன் சேஸே அவருக்குப் பதிலாக வேட்பாளராக முயன்றார். அது முறிந்தபின், மே இறுதியில் கிளீவ்லாந்தில் கூடிய அவர் கட்சியின் தீவிரப் பிரிவினர் ஜான் ஃப்ரீமாண்டை நிறுத்தினார்கள். அவர் செப்டம்பரில்தான் விலகினார். ஒன்றியம் உடையவில்லை. சேஸை அந்த ஆண்டு டிசம்பரிலேயே லிங்கன் தலைமை நீதிபதியாக அமர்த்தினார். தேர்தல் முடிந்ததும் லிங்கன் சொன்னதன் சாரம், கிளர்ச்சிக்கு அஞ்சித் தேர்தலைக் கைவிட்டிருந்தால் கிளர்ச்சியே வென்றதாகியிருக்கும் என்பது.

இனி, விழும் வாக்கு முடிவு செய்வோரைப் போய்ச் சேர வேண்டும் என்ற அந்த நிபந்தனைக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் வென்ற இரவிலேயே, ஜூன் 5 நள்ளிரவு கடந்து, கென்னடி சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். ஏப்ரல் இறுதியில் களத்துக்கு வந்த ஹம்ஃப்ரியோ ஒரு முதனிலைத் தேர்தலில்கூட வேட்பாளராக நிற்கவில்லை. அன்று அத்தகைய தேர்தல் நடந்தது பதினைந்துக்கும் குறைவான மாநிலங்களில்தான். மற்ற இடங்களில் பேராளர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆளுநர்களும் நகரத் தலைவர்களும் கட்சிக் குழுக்களும். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பேராளர்கள் நடைமுறையில் 1968 பிறக்கும் முன்பே தேர்வாகிவிட்டார்கள். அதாவது டெட் தாக்குதலுக்கு முன்பே, மெக்கார்த்தி யார் என்று நாடு அறியும் முன்பே. பென்சில்வேனியாவில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் வாக்குப் பெற்ற மெக்கார்த்திக்கு அம்மாநிலப் பேராளர்களில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. நாடு முழுதும் முதனிலைத் தேர்தல்களில் விழுந்த சுமார் 75 லட்சம் வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு கென்னடிக்கும் மெக்கார்த்திக்கும் போனது. ஆகஸ்ட் 28 அன்று கட்சியின் சிகாகோ மாநாட்டில் குண்டுவீச்சை முழுதும் நிறுத்தக் கோரிய சமாதானத் தீர்மானம் சுமார் 1,568க்கு 1,041 என்ற கணக்கில் தோற்றது. அன்றிரவு ஹம்ஃப்ரி வேட்பாளரானார். அதே மாலை நகரின் மிச்சிகன் அவென்யூவில் மேயர் ரிச்சர்ட் டேலியின் காவலர்கள், போரை எதிர்த்துக் கூடிய இளைஞர்களைத் தடியால் அடித்தார்கள். அதைக் காவல்துறைக் கலவரம் என்றே பின்னர் டேனியல் வாக்கர் தலைமையிலான விசாரணைக் குழு குறித்தது. தெருவுக்கு வந்தவர்களில் கலகம் விரும்பியே வந்தவர்களும் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் நியூ ஹாம்ப்ஷயரில் தாடியை மழித்து, முடியை வெட்டி, வீடு வீடாகக் கதவு தட்டி வாக்குக் கேட்ட இளைஞர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டை நம்புங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்கள் நம்பினார்கள். நம்பியவர்களை ஏமாற்றியது அந்தக் கட்சி செய்த பெருங்குற்றம் என்றே நான் கருதுகிறேன்.

மக்களிடம் தேர்வைக் கொடுத்ததன் விளைவை 1972இல் பார்க்கவில்லையா என்பார்கள். தேர்வு விதிகளைத் திருத்திய குழுவுக்கு முதலில் தலைமை வகித்த மெக்கவர்ன், அந்தப் புதிய விதிகளின்படி வேட்பாளராகி 49 மாநிலங்களில் தோற்றார். உண்மை. ஆனால் கொரியப் போர்க்காலமான 1952இல், நியூ ஹாம்ப்ஷயரில் அதிபர் ட்ரூமனையே வீழ்த்தி, முதனிலைத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை வென்ற எஸ்டஸ் கெஃபாவரை ஒதுக்கிவிட்டு, மாநாட்டுப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்த அட்லாய் ஸ்டீவன்சனும் தோற்றார். 1968இல் அவர்கள் தேர்ந்தெடுத்த ஹம்ஃப்ரியும் தோற்றார். பெரியவர்களின் கணிப்பு வெற்றிக்கு உத்தரவாதம் என்பதற்குச் சான்று இல்லை.

உட்கட்சிப் போட்டிதான் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சனை அதிபராக்கியது என்ற கடைசிக் குற்றச்சாட்டுக்கு ஹம்ஃப்ரியின் கதையே விடை. சமாதானத் தரப்போடு ஒத்துப்போகும் ஒரு சமரச வாசகத்துக்கு மாநாட்டுக்கு முன்பே அவர் இசைந்திருந்தார். ஜான்சன் அதை ஏற்கவில்லை, ஹம்ஃப்ரி அடங்கிப்போனார். பின்னர் செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியிலிருந்து தொலைக்காட்சியில் பேசி, சமாதானத்துக்காகக் குண்டுவீச்சை நிறுத்தத் தாம் தயார் என்றார். அதுவரை வெகுவாகப் பின்தங்கியிருந்தவர் வாரந்தோறும் நெருங்கி வந்தார். அக்டோபர் 31 அன்று ஜான்சனும் குண்டுவீச்சை முழுதும் நிறுத்தினார். ஏழு கோடிக்கு மேற்பட்ட வாக்குகளில் ஹம்ஃப்ரி நிக்சனிடம் தோற்றது சுமார் ஐந்து லட்சத்தில். சிகாகோ தோற்கடித்த தீர்மானத்தின் மையக் கோரிக்கை ஒன்பது வாரம் கழித்து அரசின் செயலாகவே நடந்தது. 1968இல் வியட்நாமில் வாரத்துக்குச் சராசரியாக முந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர், அன்று பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிக்கும் வயதாக இருந்த 21ஐ எட்டாதவர்கள். அந்த ஒன்பது வாரங்களில் குண்டுவீச்சில் இறந்த வியட்நாமியருக்கோ, இந்தத் தேர்தல்களில் எதிலும் வாக்கு இல்லை.