பிரிந்த குடும்பமும் பிரியாத நதியும்



கூட்டுக் குடும்பம் பாகப்பிரிவினை செய்துகொள்ளுங்கால் நிலத்தைக் கூறிடலாம். வீட்டின் நடுவே சுவர் எழுப்பலாம். கிணற்றை எங்ஙனம் கூறிடுவது? 1991ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்து பதினைந்து நாடுகள் தனித்து நின்றபோது, இவ்வினா மத்திய ஆசியாவில் எழுந்தது. ஒரே வண்ணம் தீட்டிய நிலப்படத்தைக் காட்டிப் பூகோளம் கற்பித்துவந்த என்னைப் போன்ற ஆசிரியர்கள், அதன்மேல் புதிய எல்லைகளை விளக்க வேண்டியவராயினோம். கோடு கிழிப்பது எளிது. ஆற்றுக்கு அக்கோடு தெரியுமோ?

கிர்கிஸ்தானின் தியான் ஷான் மலைகளில் பிறக்கும் நரின் ஆறு, ஃபெர்கானா பள்ளத்தாக்கில் காரா தரியாவுடன் கூடிச் சிர் தரியா என்று பெயர் பெறுகிறது. பின்னர் உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், கஜகஸ்தான் ஆகிய நாடுகளின் வழியே ஆரல் கடலை நோக்கிச் செல்கிறது. நரின் ஆற்றின் குறுக்கே சோவியத் அரசு 1970களில் தோக்தோகுல் அணையைக் கட்டிமுடித்தது. அதன் உயரம் 215 மீட்டர். கொள்ளளவு சுமார் 1,950 கோடி கன மீட்டர். தொடக்கத்தில் அதன் மின் உற்பத்தித் திறன் 1,200 மெகாவாட்டாக இருந்தது.

அந்நாளைய ஏற்பாடு யாதெனில், கோடையில் அணை நீரைத் திறந்து கீழ்நாடுகளின் பருத்தியை வளர்ப்பது. அப்போது விளையும் மின்சாரத்தைப் பொதுக் கம்பிகளில் செலுத்துவது. குளிர்காலத்தில் நீரைத் தேக்கிவைத்து, அதற்கு ஈடாகக் கீழ்நாடுகளின் நிலக்கரியையும் எரிவாயுவையும் மலைநாட்டிற்கு அனுப்புவது. நீர் கீழே இறங்கும். நெருப்பு மேலே ஏறும். கணக்கை மாஸ்கோ பார்த்துக்கொண்டது.

குடும்பம் பிரிந்தபின், எரிவாயுவுக்கும் நிலக்கரிக்கும் சந்தை விலை கேட்கப்பட்டது. நீருக்கோ விலையில்லை. கையில் பொருளில்லாத கிர்கிஸ்தான், குளிரில் தன் மக்களைக் காக்கக் குளிர்காலத்திலேயே நீரைத் திறந்து மின்சாரம் எடுக்கலாயிற்று. விளைவு இருபுறமும் தீமையாயிற்று. பனி உறைந்த கீழாறு அவ்வெள்ளத்தைத் தாங்கவில்லை. மிகுந்த நீர் அர்னசாய் தாழ்நிலத்தில் திருப்பிவிடப்பட்டுப் பாசனத்திற்குப் பயன்படாது போயிற்று. கோடையிலோ வயல்கள் நீருக்கு ஏங்கின.

1998ஆம் ஆண்டில் பழைய பண்டமாற்றைப் புதுப்பிக்க ஓர் உடன்படிக்கை செய்தனர். ஆயினும் ஆண்டுதோறும் பேரம் பேச வேண்டியிருந்தது. எரிபொருள் குறித்த காலத்தில் வந்து சேரவில்லை. 2008ஆம் ஆண்டில் தோக்தோகுலின் நீர்மட்டம் தாழ்ந்து, கிர்கிஸ்தானில் முறைவைத்து மின்வெட்டு நிகழ்ந்தது. 2009இல் உஸ்பெகிஸ்தான் பொது மின்வலையிலிருந்து விலகவே, தஜிகிஸ்தான் தனித்து விடப்பட்டது. கஜகஸ்தான் குளிர்கால வெள்ளத்தைத் தடுக்கக் கோக்சராய் என்னும் நீர்த்தேக்கத்தைத் தன் செலவில் அமைத்துக்கொண்டது. ஒரே அணை செய்த வேலைக்கு இன்னொரு தேக்கம்! பிரிவினையின் செலவு இத்தகையது.

இவர்களுள் யார் குற்றவாளி? ஜனவரியில் குழந்தைக்காக வீட்டைச் சூடாக்கும் மலைநாட்டுத் தாயா? ஜூனில் வாய்க்காலைப் பார்த்து நிற்கும் ஃபெர்கானா உழவனா? இருவர் வேண்டுவதும் நியாயமே. குறை கணக்கில் இருந்தது. நீர் இயற்கையின் கொடை என்பது உண்மை. ஆனால் குளிர்காலம் முழுதும் அதைத் தேக்கிக் காத்திருப்பதற்குச் செலவு உண்டு. தன் அடுப்பை அணைத்துப் பிறர் வயலுக்கு நீர் காப்பவனுக்கு ஈடு தர வேண்டாமா?

இவ்வுண்மை மெல்ல உணரப்பட்டு வருகிறது. 2016க்குப் பின் உஸ்பெகிஸ்தான் அண்டை நாடுகளுடன் நேசக்கரம் நீட்டியது. 2022 ஜனவரி 25 அன்று கஜகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூன்றிலும் ஒருசேர மின்சாரம் நின்றது. கம்பிகள் இன்னும் ஒன்றே என்பதை இருள் அவர்களுக்குக் கற்பித்தது. மறு ஆண்டு ஜனவரியில், தோக்தோகுலுக்கு மேலே 1,860 மெகாவாட் திறனுள்ள கம்பராத்தா முதல் அணையைச் சேர்ந்து கட்டும் திட்டத்திற்கு அம்மூன்று நாடுகளும் கையொப்பமிட்டன. மேலணையில் குளிர்காலத்தில் மின்சாரம் எடுத்தால், அந்நீரைத் தோக்தோகுல் கோடைக்கெனத் தேக்கிவைக்கலாம். அணை எழப் பல்லாண்டு ஆகும், பெரும்பொருளும் வேண்டும். எனினும் வழி நேரானது.

சகோதரர் தனித்தனி அடுப்பு மூட்டலாம், தவறில்லை. ஆனால் கிணறு பொதுவாயின், கணக்குப் புத்தகமும் பொதுவாக இருத்தல் வேண்டும். அதனைத் திறந்து வைத்து உண்மையாக எழுதுவதே நல்லுறவின் தொடக்கமாகும்.