மிராசுதார் என்றால் யார்?

(வாலாஜாபாத் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மிராசுதார் என்றதும் உங்கள் மனக்கண்ணில் வருபவர் யார்? திண்ணையில் சாய்ந்தபடி ஆட்களை ஏவும் பெரிய மனிதர். சினிமா காட்டிய உருவம் அது. சொல்லின் பிறப்போ வேறு.

'மீராஸ்' அரபுச் சொல். இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து என்பது பொருள். 'தார்' பாரசீக ஒட்டு. உடையவர் என்று அர்த்தம். ஜமீன்தார், இனாம்தார், தாசில்தார் எல்லாவற்றிலும் இருப்பது இதே 'தார்'தான். நாம் அன்றாடம் சொல்லும் 'வாரிசு' என்பதும் மீராஸின் வேரில் முளைத்ததே. ஆக, மிராசுதார் என்றால் வாரிசாகப் பெற்றவர். அவ்வளவுதான்!

இந்த மண்ணுக்கும் அச்சொல்லுக்கும் நெருக்கம் அதிகம். நம் ஊருக்குப் பெயர் தந்த நவாப் முகம்மது அலி வாலாஜா, 1763ல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். இங்கே ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு உள்ளவர்களுக்குக் காணியாட்சிக்காரர் என்று பெயர். அந்த உரிமையே அரசாங்க ஏடுகளில் மிராசு ஆயிற்று. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட 17 கேள்விகளுக்கு விரிவாக விடை எழுதினார்.

காலப்போக்கில் சொல் அதிகாரத்தின் பெயராகிவிட்டது. ஏரோட்டிய தாழ்த்தப்பட்ட மக்கள் தரிசு நிலம் கேட்டால்கூட மிராசுதார்கள் குறுக்கே நின்றார்கள். 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் இதை அறிக்கையாக எழுதினார். அதன் பிறகே, 1892ல், அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது.

இளைஞர்களே! ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வயல்கள் தொழிற்சாலைகளாகிவிட்டன. நிலத்தின் விலை ஏறிவிட்டது. உங்கள் சகோதரியின் பங்கு எங்கே? "நகை போட்டோம், சீர் செய்தோம்" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நியாயமா? மகன், மகள், பெற்றோர், கணவன், மனைவி ஆகியோரின் பங்குகளைத் திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம் வரையறுத்துவிட்டது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணத்தின் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கிவிட்டது. எனவே நஞ்சை, புஞ்சையிலும் மகளுக்குப் பங்கு உண்டு.

வணிகப் பெருமக்களே! கடையும் சரக்கும் வங்கி இருப்பும் மீராஸ்தான். முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், மீதியே வாரிசுகளுக்கு. கணக்கை இன்றே எழுதி வையுங்கள்.

மிராசுதார் என்ற பட்டம் நமக்கு வேண்டாம். மீராஸை உரியவரிடம் ஒப்படைத்தவர் என்ற பெயர் போதும்.