கூட்டம் கலையும் வேளை

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் நூலகத்திற்காகவோ பள்ளிக்காகவோ ஊதியமின்றி உழைக்கச் சங்கம் அமைப்பதுண்டு. நிர்வாகக் குழு கூடினால் வரவு செலவு பற்றி வாதம் எழும், எழவும் வேண்டும். அந்தக் கசப்போடே கலைந்தால், அடுத்த கூட்டத்திற்குப் பாதிப்பேர் வாரார். நூலகம் பூட்டிக் கிடக்கும்.

டில்லியில் அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் முதல் கடுமையாக வாதிட்டது. ஆயினும் 1950 ஜனவரி 24 அன்று உறுப்பினர்கள் கையொப்பமிட்டு, நாட்டுப்பண் இசைத்தே கலைந்தனர்.

நம் சங்கங்களிலோ இறுதியில் நன்றியுரை. பெரும்பாலும் மேடையிலிருப்போரின் பெயர்ப்பட்டியல்! கிழிந்த நூல்களுக்கு அட்டை கட்டியவர் யார், நாற்காலி சுமந்தவர் யார் என்று செயலாளர் சொல்லட்டும். கணக்கில் எழுந்த ஐயத்தை மறைக்க வேண்டா. விடையளிக்கும் நாளை முதலில் குறித்துவிட்டு, அதன்பின் இதைச் சொல்லலாம்.