நம் வாழ்க்கை வரலாற்றுக்கு நாமே பொறுப்பு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். வரவும் சொல்லப்பட்டது, பற்றாக்குறையும் சொல்லப்பட்டது. பற்றாக்குறையை விட்டுவிட்டு வரவை மட்டும் வாசித்திருந்தால், அதனைக் கணக்கு என்று நாம் ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம். ஆனால் நம் சொந்த வாழ்க்கையின் கணக்கை மட்டும் நாம் அவ்வாறுதான் வைத்திருக்கிறோம்.

வளைகுடாவில் வேலையிழந்து திரும்பிய சகோதரர், 'விடுமுறையில் வந்திருக்கிறேன்' என்று ஓராண்டு காலம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடையில் நஷ்டமடைந்தவர், கேள்விக்கு அஞ்சி, ஜும்ஆவுக்குத் தாமதமாக வந்து, ஸலாம் கொடுத்த கையோடு வெளியேறிவிடுகிறார். மணமுறிவு கண்ட மகளை, தாய் திருமண வீடுகளுக்கு அழைத்துச் செல்வதில்லை. இவர்களை வாட்டுவது இழப்பு மட்டுமன்று. அதனை மறைக்கும் உழைப்பும்தான். ஒருவர் தம் கதையைச் சொல்லாமல் விட்டால் அது சொல்லப்படாமல் போய்விடுவதில்லை. அவர் வாய் மூடிய இடத்தில் ஊர் வாய் திறக்கிறது. பிறகு ஊர் சொல்லும் கதையையே அவரும் நம்பத் தொடங்குகிறார்.

இதற்கு மருந்து நம் மார்க்க வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

முதலாவது, கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுடையது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, தபூக் பயணம். கடுங்கோடை, மதீனாவில் கனிகள் பழுத்து நிழல் இனிக்கும் பருவம். கஅப் (ரலி) அவர்களிடம் அப்போது இரண்டு ஒட்டகங்கள் இருந்தன. உடல் வலிமையும் வசதியும் இருந்தன. 'நாளை புறப்படலாம்' என்று ஒவ்வொரு நாளும் எண்ணினார்கள். நாட்கள் கழிந்தன, படை சென்றுவிட்டது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்து பள்ளிவாசலில் அமர்ந்தபோது, பின்தங்கிய எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து சத்தியம் செய்து சாக்குகள் கூறினர். கஅப் (ரலி) அவர்களோ நாவன்மை மிக்க கவிஞர். அழகான காரணம் ஒன்றைப் புனைவது அவர்களுக்குக் கடினமன்று. ஆயினும், தமக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை என்று உண்மையை உரைத்தார்கள். அல்லாஹ்வின் தீர்ப்பு வரும் வரை காத்திருக்குமாறு பணிக்கப்பட்டார்கள்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அவர்களுடைய குலத்தாரே பின்தொடர்ந்து வந்து, 'நீரும் ஒரு சாக்கைச் சொல்லியிருக்கலாமே' என்று கடிந்துகொண்டனர். திரும்பிச் சென்று பொய் சொல்லிவிடலாமா என்று அவர்கள் உள்ளமும் ஒரு கணம் தடுமாறியது. எனினும் சொல்லில் நிலைத்து நின்றார்கள். ஐம்பது நாட்கள் ஊரில் எவரும் பேசவில்லை. அந்த நேரத்தில் கஸ்ஸான் மன்னனிடமிருந்து கடிதம் வந்தது: எங்களிடம் வந்துவிடும், ஆதரிக்கிறோம் என்று. 'நான் அநீதி இழைக்கப்பட்டவன்' என்ற புதிய கதை ஒன்றை அந்த மன்னன் கையில் கொடுத்தான். அவர்கள் அக்கடிதத்தை அடுப்பிலிட்டு எரித்தார்கள். பிழை தம்முடையது என்பதை விட்டுக்கொடுக்க அவர்கள் ஆயத்தமாக இல்லை.

ஐம்பதாம் நாள் வைகறையில் மன்னிப்பின் நற்செய்தி வந்தது. அவர்களும் அவர்களைப் போன்றே உண்மை பேசிய மற்ற இருவரும் மன்னிக்கப்பட்டதைத் திருக்குர்ஆனின் 9ஆவது அத்தியாயம் இன்றும் ஓதிக் காட்டுகிறது. இந்த வரலாறு நமக்குக் கிடைத்தது யார் வாயிலாக? முதுமையில் பார்வை இழந்த நிலையில், தம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற மகனிடம் கஅப் (ரலி) அவர்களே சொன்னது இது. தம் வாழ்வின் மிகப் பெரிய சறுக்கலைத் தம் மகனுக்கு ஒளிக்காமல் சொன்னார்கள். சொன்னதனால் அவர்கள் மதிப்பு குறையவில்லை, உயர்ந்தது.

இரண்டாவது, நபி யூஸுஃப் (அலை) அவர்களுடையது. கஅப் (ரலி) அவர்களின் துன்பம் தம் பிழையால் வந்தது. யூஸுஃப் (அலை) அவர்களின் துன்பம் பிறர் இழைத்தது. கிணற்றில் எறிந்தவர்கள் சொந்தச் சகோதரர்கள். சிறையில் தள்ளியது பொய்ப்பழி. பல ஆண்டுகள் கழித்து மன்னரின் அழைப்பு வந்தபோது அவர்கள் உடனே வெளியே ஓடி வரவில்லை. அந்தப் பெண்களின் விவகாரத்தை முதலில் விசாரிக்கட்டும் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். பழி சுமந்த கதையோடு விடுதலை பெற அவர்கள் விரும்பவில்லை.

பின்னர் எகிப்தில் பெற்றோரையும் சகோதரர்களையும் வரவேற்றபோது, தம் வாழ்க்கையைத் தாமே சுருக்கிச் சொல்கிறார்கள். சிறையிலிருந்து இறைவன் தம்மை வெளிக்கொணர்ந்த அருளைச் சொல்கிறார்கள். கிணற்றைச் சொல்லவில்லை! கிணற்றைச் சொன்னால் எதிரே நிற்கும் சகோதரர்கள் நாணுவார்கள். பிளவை உண்டாக்கியவன் ஷைத்தான் என்று மட்டும் கூறிக் கடந்து செல்கிறார்கள். நடந்தது மாறவில்லை; அதனை எங்கிருந்து தொடங்கி எங்கே முடிப்பது என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள். வஞ்சத்தில் தொடங்காமல் நன்றியில் முடித்தார்கள். அதுவே ஸப்ர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தன் கதைக்கு உரிமை கொள்வது என்பது பாவங்களைப் பறைசாற்றுவதன்று. இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் எழுந்து அதனைத் தானே வெளிப்படுத்துபவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அத்தகையவற்றைத் தவ்பாவோடு அல்லாஹ்விடம் மட்டும் சொல்வோம். ஆனால் தொழில் நஷ்டம் பாவமன்று, வேலையிழப்பு பாவமன்று, நோயும் மணமுறிவும் கைம்மையும் இழிவல்ல. இவற்றை நம்பிக்கைக்குரிய ஒருவரிடமேனும், குறைந்தது நம் பிள்ளைகளிடமேனும் சொல்வோம். தந்தை விழுந்ததையும் எழுந்ததையும் அறிந்த பிள்ளை, தான் விழும்போது உலகம் முடிந்துவிட்டதாக எண்ணாது.

இறுதியாக, ஜமாஅத்தாராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கஅப் (ரலி) அவர்கள் மன்னிக்கப்பட்டுப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, தல்ஹா (ரலி) அவர்கள் இருந்த இடத்தை விட்டு எழுந்து விரைந்து வந்து கைகுலுக்கி வாழ்த்தினார்கள். முஹாஜிர்களில் வேறெவரும் அவ்வாறு எழுந்து வரவில்லை. அந்த ஒரு செயலைக் கஅப் (ரலி) அவர்கள் மறக்கவேயில்லை. நம் மஹல்லாவில் ஒருவர் தம் இழப்பைத் துணிந்து சொல்லும்போது, அதனைத் தேநீர்க் கடைப் பேச்சாக்குவது புறம் பேசும் பாவம். எழுந்து சென்று அவர் கையைப் பற்றுவது தல்ஹா (ரலி) அவர்களின் வழி. அடுத்த ஜும்ஆவில், தாமதமாக வந்து முன்னதாகச் செல்லும் அந்தச் சகோதரரை வாசலில் நிறுத்தி ஸலாம் சொல்ல நம்மில் ஒருவராவது எழ வேண்டும்.

நம் வாழ்வின் கணக்கை நேர்மையோடு எழுதவும், பிறர் கணக்கைக் கண்ணியத்தோடு காக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.